நீர் வந்து போகட்டும்

மீனைச் சாப்பிட்டு முடித்ததும் தட்டில் நடுமுள் மிஞ்சும். நடுவே ஒரு தண்டு; அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு முட்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளையைத் தாண்டி, பிச்சாவரத்தின் மேலே பறவைபோல் பறந்து பார்க்க முடிந்தால் அதே வடிவத்தைச் சேற்றில் காணலாம். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைக்கும் சின்ன வாய்க்கால்கள். கோடுகள் நெடுக மரங்கள் பச்சையாக அடர்ந்திருக்கும். செயற்கைக்கோள் படங்களிலும் இந்த வடிவம் தெரியும்.

இந்த வாய்க்கால்களை இயற்கை வெட்டவில்லை. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் வெட்டினார்கள். அதற்கு முன் அந்த இடம் உப்புப் பூத்த பொட்டல். அங்கே ஒரு காலத்தில் காடு இருந்தது என்று பெரியவர்கள் சொல்லித்தான் இளையவர்களுக்குத் தெரியும். அந்தப் பொட்டல் எப்படி மறுபடி காடானது என்பதைத் தமிழர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். பழுதுபட்ட ஏரியையோ ஆற்றங்கரையையோ மேய்ச்சல் நிலத்தையோ மீட்க நினைக்கும் எவருக்கும் உதவும் பாடம் அதில் இருக்கிறது.

உப்பில் வாழும் மரங்கள்

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் சேரும் முகத்துவாரங்களுக்கு இடையே பின்னிக் கிடக்கும் ஓடைகளும், அவற்றுக்கு நடுவே ஐம்பதுக்கும் மேற்பட்ட மண்திட்டுகளும் சேர்ந்ததுதான் பிச்சாவரம். 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’ படத்தில் எம்.ஜி.ஆரின் படகு பாய்ந்து சென்ற ஓடைகளாக இவற்றைப் பலருக்குத் தெரியும். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நெய்தல் திணைப் புலவர்கள் உப்புச் சேற்றில் வளரும் இந்த அலையாத்திக் காட்டை அறிந்திருந்தார்கள். கண்டலும் தில்லையும் சங்கப் பாடல்களில் வரும் மரங்கள். சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லை, இங்கே வளரும் மரத்தின் பெயர்தான். நடராசர் கோயிலின் தல மரமும் அதுவே. ஊருக்கே பெயர் தந்த காடு இன்று ஊரிலிருந்து கிழக்கே தள்ளிக் கடலோரத்தில் ஒதுங்கி நிற்கிறது.

கடல்நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கும். வீட்டுத் தோட்டத்து முருங்கைக்கு அந்தத் தண்ணீரை ஊற்றினால் சில நாளில் வாடிவிடும். வேருக்கு வெளியே உப்பு கூடினால், மரம் தண்ணீரை உள்ளே இழுப்பது கடினமாகும். உள்ளே புகுந்த உப்போ இலையைக் கருக்கும். அலையாத்தி மரங்கள் இந்த இரண்டு தொல்லைகளையும் வெவ்வேறு வழியில் சமாளிக்கின்றன.

சுரபுன்னை உப்பை வாசலிலேயே மறித்துவிடும். அதன் வேர், நீரை உறிஞ்சும்போதே உப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேலானதை வெளியே நிறுத்திவிடுகிறது. வெண்கண்டலும் ஓரளவு மறிக்கும். மீறி உள்ளே வந்ததை இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் வழியாக வெளியேற்றும். வெயில் ஏறிய பிறகு ஒரு வெண்கண்டல் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். இலையின்மேல் உப்புத் துகள்கள் படிந்து மினுங்குவதைக் கண்ணாலேயே காணலாம்.

அடுத்தது மூச்சு. சேற்றில் காற்று கிடையாது. வேரும் உயிருள்ள உறுப்புதான், அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். அதனால் வெண்கண்டல், தரைக்கடியில் படர்ந்த வேரிலிருந்து விரல் நீளக் குச்சிகளை மேல்நோக்கி அனுப்புகிறது. ஒரு மரத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் இந்த மூச்சுவேர்கள் குத்திட்டு நிற்கும். நீர் வடியும்போது அவற்றின் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகும். சுரபுன்னையோ தண்டிலிருந்தே வளைந்து இறங்கும் முட்டுவேர்களால் தன்னைத் தாங்கிக்கொண்டு, அவற்றின் வழியே மூச்சும் விடுகிறது.

பிள்ளைப்பேறும் வியப்பானதே. சேற்றில் விழும் விதை அலையோடு போய்விடும், அல்லது உப்பில் முளைக்காமல் கெட்டுவிடும். எனவே சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்ட முளைக்குச்சியாகிறது. பக்குவம் வந்ததும் கழன்று விழுகிறது. நீர் வடிந்திருந்தால் சேற்றில் குத்தி நின்றுவிடும். ஏறியிருந்தால் மிதந்துபோய், தோதான சேறு கிடைக்கும் இடத்தில் ஊன்றும்.

இந்தத் திறமைகள் எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. நீர் ஏற வேண்டும், இறங்க வேண்டும். ஏறும்போது ஈரமும் வண்டலும் விதையும் வரும். இறங்கும்போது மிஞ்சிய உப்பு கழுவிப்போகும், வேர் மூச்சுவிடும். பொங்கலும் வற்றலுமாக நாள்தோறும் நடக்கும் இந்தப் போக்குவரத்தில்தான் காட்டின் உயிர் இருக்கிறது. அது நின்றால் அலையாத்தியும் சாகும்.

கூப்பு விட்ட காடு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை பிச்சாவரம் விறகுக்கும் மரத்துக்குமாகக் கூப்பு விடப்பட்டது. காட்டைப் பங்கு பங்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கை முழுவதுமாக வெட்டி எடுப்பது கூப்பு முறை. வெட்டிய பங்கு அடுத்த சுற்று வருவதற்குள் தானாகத் துளிர்த்துவிடும் என்பது கணக்கு. மலைக்காட்டிலும் சமவெளிக் காட்டிலும் பழகிய கணக்கை அப்படியே சேற்றுக்காட்டுக்கும் கொண்டுவந்தார்கள். ஆங்கில ஆட்சி போன பிறகும் அது தொடர்ந்தது.

சேற்றில் அந்தக் கணக்கு பொய்த்தது. மரத்தின் நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. அலையாத்திச் சேறு பஞ்சுபோல் நீரைத் தாங்கி வைத்திருப்பது. மக்கிய இலையும் வேரும் அதில் நிறைய. ஈரம் ஆவியாகப் போகப் போக அது சுருங்கியது. உள்ளே இருந்த வேர்கள் அழுக அழுக இன்னும் அமிழ்ந்தது. ஓடை ஓரத்து மரங்கள் மட்டும் நின்றதால் விளிம்பு உயரமாகவே இருந்தது. நடுப்பகுதி தாழ்ந்து, தாம்பாளம் போல் குழிந்தது.

இந்தக் குழிவைக் கண்ணால் பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் சோழமண்டலக் கடற்கரையில் நீரின் ஏற்ற இறக்கமும் சிறியதுதான். ஒரு மீட்டருக்கும் குறைவு. வங்காளத்துச் சுந்தரவனத்தில் கடல் பல மீட்டர் ஏறி இறங்கும். அங்கே சிறு மேடு பள்ளத்தை நீர் பொருட்படுத்தாது. இங்கே சாண் கணக்கிலான மேடே நீரின் போக்கைத் தீர்மானிக்கும்.

பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள மரக்காணத்திலோ வேதாரண்யத்திலோ ஓர் உப்பளத்தைப் பார்த்திருந்தால் போதும். பாத்தியில் கடல்நீரைக் கட்டுகிறார்கள், வெயில் நீரை எடுத்துக்கொள்கிறது, உப்பு தங்குகிறது. பிச்சாவரத்தில் அமாவாசை, பௌர்ணமி எனும் உவா நாட்களின் பெரிய ஏற்றத்தில் ஓடை நீர் விளிம்பைத் தாண்டிக் குழிக்குள் வந்தது. வந்த நீர் திரும்பிப் போக வழியில்லை. அங்கேயே காய்ந்து உப்பை விட்டுச் சென்றது. அடுத்த உவாவில் மறுபடி நீர், மறுபடி உப்பு. காட்டுக்கு நடுவே யாரும் எண்ணாமலே ஓர் உப்பளம் உருவாகிவிட்டது. கடல்நீரைவிடப் பல மடங்கு கரிப்பான மண்ணில் வெண்கண்டல்கூட முளைக்கவில்லை. உமிரி போன்ற உப்புப் பூண்டுகள் மட்டும் அங்கங்கே செந்நிறத்தில் படர்ந்தன. கூப்பு நின்ற பிறகும் காடு திரும்பாததற்குக் காரணம் இதுதான்.

பழி யார்மேல் விழுந்தது

காட்டுக்கு வந்த கேட்டுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் அல்லவா? பழி ஊர்க்காரர்கள்மேல் விழுந்தது. விறகு பொறுக்குகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறார்கள், அதனால்தான் காடு அழிந்தது என்பது நெடுங்காலம் பரவலாக இருந்த கருத்து. கருத்து அப்படியானால் மருந்தும் அப்படித்தானே இருக்கும்: காவல் போடு, உள்ளே விடாதே, பிடித்தால் அபராதம் விதி.

1980களின் இறுதியில் கடல்மட்டம் உயரும் என்ற எச்சரிக்கை உலகெங்கும் கேட்கத் தொடங்கியது. கடலோர வயல்களில் உப்பு ஏறினால் எந்தப் பயிரை விதைப்பது என்று வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் யோசித்தார். உப்பைத் தாங்கும் மரபணுக்களை அலையாத்தியில் தேடலாம் என்பது அவர் எண்ணம். அவர் 1988இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் அந்தத் தேடலோடு பிச்சாவரத்துக்கு வந்தது. வெண்கண்டலின் உப்புத்தாங்கு மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் சேர்க்கும் ஆய்வுகள் பிற்காலத்தில் அந்த நிறுவனத்தில் நடந்தன. ஆனால் மரபணு தேடிப் போனவர்கள் கண்டது செத்துக்கொண்டிருக்கும் காடு. முதலில் காடு இருந்தால்தானே மரபணு இருக்கும்?

1990களில் அந்த ஆய்வாளர்கள் பழைய காட்டு நிர்வாகப் பதிவுகளைப் படித்தார்கள். மண்ணின் உப்பை அளந்தார்கள். தரையின் மேடு பள்ளத்தை மட்டம் பிடித்தார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள். நான்கும் ஒரே இடத்தைக் காட்டின. மொட்டையடித்து வெட்டிய கூப்பும், அதனால் குழிந்த தரையும், அதில் தேங்கிய நீரும்தான் முதல் காரணம். மேய்ச்சலும் விறகும் இளங்கன்றுகளுக்குத் தொல்லை தந்தது உண்மை. ஆனால் முளைக்கவே முடியாத மண்ணில் மாடு எந்தக் கன்றை மேய்ந்திருக்கும்?

இந்த ஒரு கண்டுபிடிப்பை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். மருத்துவர் நோயை மாற்றிச் சொன்னால் மருந்தும் மாறும். அதுவரை குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டவர்கள் அன்றிலிருந்து கூட்டாளிகளாக முடிந்தது.

மீன்முள்

மருந்து எளிதாகத் தோன்றியது: குழிக்குள் வந்த நீர் வெளியே போக வழி செய்ய வேண்டும். எப்படி என்பதில்தான் நுட்பம் இருக்கிறது.

அருகிலுள்ள இயற்கை ஓடையிலிருந்து குழியின் நடுவுக்கு ஒரு முதன்மை வாய்க்கால் வெட்டினார்கள். அதன் இருபுறமும் சாய்கோணத்தில் கிளை வாய்க்கால்கள். செங்கோணத்தில் வெட்டினால் திரும்பும் மூலையில் நீர் முட்டி வேகம் இழக்கும், வண்டல் படியும். சாய்வாக வெட்டினால் ஏற்றத்தில் நீர் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், இறக்கத்தில் அதே வழியில் திரும்பும். அளவும் முக்கியம். ஆழம் குறைந்தால் நீர் ஏறாது. கூடினால் வற்றிய வேளையிலும் நீர் நிற்கும். ஓடையின் மட்டம், குழியின் மட்டம், ஏற்ற இறக்கத்தின் உயரம் மூன்றையும் அளந்த பிறகே மண்வெட்டி இறங்கியது.

வாய்க்கால் திறந்ததும் கடல் தன் வேலையைத் தொடங்கியது. நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கிய நீர், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த உப்பைக் கரைத்து எடுத்துச் சென்றது. மண் ஈரமானது. வாய்க்கால் கரையின் சரிவில், உச்சியிலும் இல்லாமல் அடியிலும் இல்லாமல் நடுமட்டத்தில், வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். மேலே நட்டால் காயும், கீழே நட்டால் மூழ்கும். நடாத இடங்களில்கூட நீரோடு மிதந்துவந்த விதைகள் தாமாக ஊன்றின. வளர்ந்த கன்று நிழல் தந்தது. நிழலில் ஆவியாதல் குறைந்தது. உப்பு இன்னும் தணிந்தது. நண்டுகள் வந்து வளை தோண்ட, வளைகள் வழியே சேற்றுக்குள் காற்றும் நீரும் புகுந்தன. குழிவிழுந்த தரையைச் சாகடித்த அதே சங்கிலி இப்போது எதிர்த்திசையில் ஓடி அதற்கு உயிர் கொடுத்தது.

1980களின் நடுப்பகுதியிலும் 2002இலும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, 2003இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் வெளியானது. சுமார் பதினைந்து ஆண்டுகளில் பிச்சாவரத்தில் காடு மூடிய பரப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு கூடியிருப்பதை அது காட்டியது. முத்துப்பேட்டையிலும், ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா முகத்துவாரங்களிலும் இதே முறை பின்பற்றப்பட்டது.

வாய்க்காலை வெட்டியவர்கள்

வாய்க்கால் வெட்டுவது ஒருமுறை வேலை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஒவ்வொரு ஏற்றமும் கொஞ்சம் வண்டலைக் கொண்டுவரும். மழைக்காலத்தில் கரை சரியும். தூர் வாராவிட்டால் சில ஆண்டுகளில் வாய்க்கால் மேடாகி, மறுபடி பழைய குழிதான் மிஞ்சும். ஆகவே எவருடைய பிழைப்பு அந்தக் காட்டோடு பிணைந்திருக்கிறதோ அவர்கள் இல்லாமல் இந்த முறை நிலைக்காது.

இந்திய அரசின் 1988 வனக் கொள்கையும், 1990இல் வந்த கூட்டு வன மேலாண்மை வழிகாட்டலும், காட்டைக் காப்பதில் ஊர்மக்களுக்குப் பங்கு வேண்டும் என்று ஏற்றுக்கொண்டிருந்தன. பிச்சாவரத்தில் அது சேற்றுக்காட்டுக்கு ஏற்ப வடிவம் பெற்றது. ஆண்களும் பெண்களும் உறுப்பினராக ஊர் அளவில் குழு அமைந்தது. வனத்துறையும் ஆய்வு நிறுவனமும் அதில் உடன் நின்றன. எந்த இடத்தில் வாய்க்கால், எங்கே மேய்ச்சலை நிறுத்துவது, கன்று வளரும் வரை மாட்டுக்குத் தீவனம் எப்படி, கூலி எவ்வளவு என்று எல்லாம் ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவானது. வெட்டும் வேலையும் நடும் வேலையும் ஊர்க்காரர்களுக்கே.

அவர்களில் இருளர் குடும்பங்களின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. சமவெளியில் பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்த பழங்குடியினரில் ஒரு பகுதியினர் பிச்சாவரத்து ஓடைகளில் மீன்பிடித்து வாழப் பழகினார்கள். படகோ வலையோ பலரிடம் இல்லை. மார்பளவு நீரில் இறங்கி, சேற்றை உள்ளங்கையால் தடவித் தடவி இறாலையும் நண்டையும் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் இரண்டு கைகளும் சேற்றுக்குள் இருக்கும். பழங்குடி என்ற சாதிச் சான்றிதழ் பெறுவதற்கே அவர்கள் நெடுங்காலம் அலைய வேண்டியிருந்தது. சான்றிதழ் இல்லையென்றால் பிள்ளைக்குப் படிப்பு உதவி இல்லை, வீட்டு மனை இல்லை. காட்டை மீட்கும் பணியோடு சேர்ந்தே பள்ளி, சான்றிதழ், படகு, வலை ஆகியவற்றுக்கான முயற்சிகளும் நடந்தன. சிலருக்கு இது வேறு வேலையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளைக்கு அடுப்பு எரியுமா என்று தெரியாத ஒருவரிடம், இருபது ஆண்டு கழித்து நிழல் தரும் மரத்தைக் காத்துக்கொடு என்று எந்த வாயால் கேட்பது?

காடும் அவர்களுக்குத் திருப்பித் தந்தது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் நீரேற்றத்தோடு முகத்துவாரத்துக்குள் வந்து, அலையாத்தி வேர்களின் இடுக்கில் ஒளிந்து வளரும். மடவையும் கொடுவாவும் சேற்று நண்டும் இளமையை அங்கேதான் கழிக்கின்றன. உதிரும் இலையை நுண்ணுயிர்கள் சிதைக்க, அந்தத் துகள்களை இறால் தின்ன, இறாலை மீன் தின்ன, சாப்பாட்டு வரிசை கடல்வரை நீள்கிறது. காடு அடர்ந்தால் பறி நிறையும் என்பதை இருளர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கையில் தட்டுப்படும் இறாலே சொல்லிவிடும்.

பேரலை வந்த நாள்

2004 டிசம்பர் 26 காலை. அன்று சுனாமியில் நடந்ததைக் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் எவரும் மறக்க மாட்டார்கள். துயரம் ஓய்ந்த பிறகு ஓர் அறிவியல் கேள்வி எழுந்தது: மரங்கள் உயிர்களைக் காத்தனவா?

கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழு 2005 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் தன் முடிவை எழுதியது. அலையாத்திக் காட்டை ஒட்டிய ஐந்து ஊர்களில், கடலைப் பார்த்தபடி முன்னால் இருந்த இரண்டும் முற்றாக அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்றும் அழிவின்றித் தப்பின. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இப்பகுதியின் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு, மரத்திரை உள்ள இடங்களில் உயிரிழப்பு குறைவு என்று கண்டார்கள்.

2006இல் வேறு ஆய்வாளர்கள் இந்த 18 குடியிருப்புகளின் தரவை மறுபடி கணக்கிட்டுக் கேள்வி எழுப்பினார்கள். தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தொலைவாகவும், சற்று உயரமாகவும் இருந்தன. இந்த இரண்டையும் கணக்கில் எடுத்த பிறகு மரத்தின் பங்கு எவ்வளவு என்று தெளிவாகச் சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். இதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. அடர்ந்த தண்டுகளும் வேர்களும் அலையின் விசையைச் சிதறடிப்பது இயற்பியல் உண்மை. புயல் அலைக்கும் அன்றாட அரிப்புக்கும் எதிராக அது தெளிவாகவே பயன் தருகிறது. ஆனால் காடு இருக்கிறது என்ற தைரியத்தில் கடலோரத் தாழ்நிலத்தில் வீடு கட்டிவிடக் கூடாது. தொலைவும் உயரமும் காடும் மூன்றும் சேர்ந்தே பாதுகாப்பு.

சுனாமிக்குப் பிறகு அலையாத்திக்குப் புது மதிப்பு வந்தது. அந்த மதிப்பே வேறொரு தவற்றுக்கும் வழிவகுத்தது.

நட்டால் காடாகிவிடுமா

இலங்கையில் சுனாமிக்குப் பின் நல்லெண்ணத்தோடு அலையாத்தி நடவுகள் பெருகின. ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு அவற்றில் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. நட்ட பரப்பில் தேறியது 200 ஹெக்டேருக்குச் சற்று மேல்தான். பிலிப்பைன்ஸில் பல பத்தாண்டுகளாக நடந்த பெருநடவுகளில் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு.

எங்கே தவறியது? நட எளிதான இடத்தில், நட எளிதான மரத்தை நட்டார்கள். சுரபுன்னையின் முளைக்குச்சியைப் பையில் வளர்க்க வேண்டாம், சேற்றில் சொருகினால் போதும். அப்படி எப்போதும் நீர் நிற்கும் சேற்றுப்பரப்பிலும் கடற்புல் வளரும் இடத்திலும்கூடச் சொருகினார்கள். அங்கே இயற்கையாக அலையாத்தி இல்லாததற்குக் காரணம் இருக்கும் என்று கேட்கவில்லை. நட்ட எண்ணிக்கையைக் கணக்கில் எழுதினார்கள். பிழைத்த எண்ணிக்கையைப் பார்க்க மூன்றாண்டு கழித்து யாரும் வரவில்லை.

அமெரிக்காவின் புளோரிடாவில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் பல பத்தாண்டுப் பட்டறிவிலிருந்து ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்: முதலில் நீரின் போக்கைச் சரிசெய்யுங்கள், அது சரியானால் பெரும்பாலான இடங்களில் விதை தானாக வரும், வராவிட்டால் மட்டும் நடுங்கள். பிச்சாவரத்தின் மீன்முள் வாய்க்கால் சொல்வதும் அதையே.

இன்னும் ஆறாத இடம்

2022இல் பிச்சாவரம், பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் முக்கிய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் காடு முழுமையாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

முகத்துவாரக் காட்டுக்குக் கடல்நீரோடு ஆற்றுநீரும் வேண்டும். பிச்சாவரத்துக்குக் கொள்ளிடத்திலிருந்தும், உப்பனாறு, கான்சாகிப் வாய்க்கால் வழியே வயல்களின் வடிநீராகவும் நன்னீர் வருகிறது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகும், அதன்பின் மேலே இன்னும் அணைகள் எழுந்த பிறகும், காவிரி கடலைத் தொடும் நாட்கள் சுருங்கின. மழைக்கால வெள்ளத்தில் மட்டும் உப்பு தணிந்து, மற்ற மாதங்களில் ஏறுகிறது. இதைத் தாங்குவது வெண்கண்டல். அதனால் காட்டில் அதன் ஆட்சிதான். நன்னீரை நாடும் இனங்கள் ஒடுங்கிவிட்டன. வாய்க்கால்களின் கரைகளில் அடர்ந்திருப்பதும் பெரும்பாலும் அந்த ஒரே மரம். பச்சை திரும்பியது, பன்மை முழுதாகத் திரும்பவில்லை. ஆற்றில் நீர் விடுவது ஊர்க்குழுவின் கையில் இல்லை. கடலுக்குப் போகும் நீர் வீண் என்று பேசும் நாம் எல்லோரும் யோசிக்க வேண்டியது அது. கடலைத் தொடும் காவிரி நீரில் பங்கு கேட்டு ஒரு காடு கடைமடையில் காத்திருக்கிறது.

முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் நீரேற்றம் குறையும். கடல்மட்டம் உயர்ந்தால் காடு நிலத்தின் பக்கம் பின்வாங்க வேண்டும். பின்னால் வயலும் இறால் பண்ணையும் சாலையும் இருந்தால் எங்கே போகும்? அதோடு, வாய்க்கால்களைத் தூர்வார ஆண்டுதோறும் பணமும் கையும் வேண்டும். திட்டம் முடிந்ததும் பணம் நிற்கும், வண்டல் நிற்காது. காட்டை மீட்கும் திட்டங்களுக்கு மூன்றாண்டு ஐந்தாண்டு என்று காலம் குறிக்கிறோம். தூர்வாரும் செலவுக்கு அப்படி முடிவுத் தேதி குறிக்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

நம் ஊர்களில் சுற்றுச்சூழல் நாள் வந்தால் குழி தோண்டிக் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த ஆர்வத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அதற்கு முன் இரண்டு வேலை செய்யலாம். உங்கள் ஊர் ஏரியோ கண்மாயோ தோப்போ ஏன் கெட்டது என்று மண்ணைப் பாருங்கள்: நீர் எந்த வழியாக வந்தது, எந்த வழியாகப் போனது, இப்போது எங்கே அடைத்திருக்கிறது. பிறகு அங்கே ஆடு மேய்த்தவர், மீன் பிடித்தவர், மடை திறந்தவர் யாரென்று தேடிப் போய்க் கேளுங்கள். பதிவேட்டில் இல்லாத மட்டக்கோடு அவர்கள் நினைவில் இருக்கும்.

பிச்சாவரத்தில் ஏற்றம் தொடங்கும் வேளையில் ஒரு கிளை வாய்க்காலின் வாயில் நின்றால், முதலில் ஒரு துரும்பு உள்நோக்கி நகர்வது தெரியும். அதன் பின்னால் நுரை, அதன் பின்னால் ஒரு விதை, குஞ்சு இறால்களின் மெல்லிய துள்ளல். ஆறு மணி நேரம் கழித்து நீர் அதே வழியில் உப்பைச் சுமந்து திரும்பும். மண்வெட்டியால் அந்த வழியைத் திறந்தவர்கள் அடுத்த பருவத்திலும் தூர்வார வருவார்கள் என்றால், காடு மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.